புகைப்பட நூலைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி

கேமரா அமைப்புகளை விளக்கும் கையேட்டைவிட, ஒரே கலைஞரின் படங்களை வரிசைப்படுத்திய தொகுப்பையே நான் பரிந்துரைப்பேன். கையேடு சில மாதங்களில் அலமாரிக்குப் போய்விடும். அமெரிக்கா முழுவதும் சுற்றி 20,000-க்கும் மேற்பட்ட படங்களை எடுத்த ராபர்ட் ஃபிராங்க், 1958-இல் வெளியான ‘தி அமெரிக்கன்ஸ்’ நூலில் சேர்த்தவை 83 மட்டுமே என்பதிலிருந்து, எடுப்பதைவிடக் கழிப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது புரியும்.

நூலின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, ஒளி எந்தத் திசையிலிருந்து விழுகிறது என்பதை நிழலை வைத்துக் கண்டுபிடியுங்கள். பிறகு, முன்பின் பக்கங்களோடு அந்தப் படத்தை இணைப்பது ஒரு சாய்கோடா, படத்தில் இருக்கும் ஒருவரின் பார்வை செல்லும் திசையா என்று தேடுங்கள். நிழல் பகுதிகளில் நுணுக்கங்கள் மறைந்து வெறும் கறுப்பாகத் தெரியும் மலிவுப் பதிப்பை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.