பழைய தமிழ்ப் படம் பார்க்கப் பழகுவது எப்படி? காதிலிருந்து தொடங்குங்கள்

போன தீபாவளி விடுமுறையில் என் அண்ணன் மகள் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். "அத்தை, இருபது நிமிடம் பார்த்துவிட்டேன். இவர்கள் எல்லோரும் ஏன் இவ்வளவு சத்தமாகப் பேசுகிறார்கள்?" திரையில் ‘பராசக்தி’ ஓடிக்கொண்டிருந்தது. சமையலறையில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்த என் அம்மா, திரையைப் பார்க்காமலேயே, அடுத்த வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பேத்தி கண்ணால் பார்த்துத் திணறிய படத்தைப் பாட்டி காதாலேயே முழுதாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. பழைய படங்கள் மெதுவாக நகர்கின்றன என்று குறைப்படுகிறவர்கள் பெரும்பாலும் அவற்றைச் சரியாகக் கேட்பதில்லை. மலேசியாவின் பினாங்கில், எங்கள் வீட்டு வரவேற்பறையில் அவளை உட்கார வைத்து, சில மாதங்களில் நான் பழக்கிய முறையை இங்கே எழுதுகிறேன். இதற்கு முன் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தையும் முடிக்காதவர்களுக்கானது இது.

முதல் படி: ஒரு வாரம் கேளுங்கள், பார்க்காதீர்கள்

படத்தைத் திறப்பதற்கு முன் ஒரு வாரம் பாடல்களைக் கேளுங்கள். மின்னல் எஃப்.எம். வானொலியில் பழைய பாடல்கள் வரும் நேரம் போதும். காரில் போகும்போது, பாத்திரம் கழுவும்போது கேட்கலாம். பாடுவது யார் என்று மட்டும் கவனியுங்கள். டி. எம். சௌந்தரராஜன் சிவாஜிக்குப் பாடும்போது ஒரு குரல், எம்.ஜி.ஆருக்குப் பாடும்போது இன்னொரு குரல் என்று மாற்றிக்கொள்வார். அந்த வேறுபாடு உங்கள் காதில் விழுந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

அடுத்து வசனம். ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சியை ஓடவிட்டு, திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள். 1952 தீபாவளிக்கு வந்த படம். கலைஞர் மு. கருணாநிதி எழுதிய வசனம், சிவாஜி கணேசனுக்கு அதுதான் முதல் படம். எதுகையும் மோனையும் அடுக்கிக்கொண்டு போகும் அந்தப் பேச்சு, கண்ணை மூடிக் கேட்டால் ஒரு பாட்டைப் போலவே தாளத்தில் நடக்கும். மூச்சை எங்கே இழுக்கிறார், எங்கே விடுகிறார் என்று பாருங்கள்.

சத்தத்துக்குக் காரணம் இதுதான். சிவாஜியும் எம்.ஜி.ஆரும் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கும் சொல் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும். அதற்காகப் பழக்கப்பட்ட தொண்டை அது. கேமரா முன்னால் வந்த பிறகும் அந்தப் பயிற்சி அவர்களை விட்டுப் போகவில்லை. ரசிகர்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். இதை அறிந்து கேட்டால், கத்தல் என்று தோன்றியது ஓர் உச்சரிப்புக் கலையாகத் தெரியத் தொடங்கும். ழகர, லகர, ளகரத்தை அவ்வளவு சுத்தமாக உச்சரிப்பவர்களை இன்று நான் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் படி: முதல் படத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்

ஆர்வக் கோளாறில் தொடக்கத்திலிருந்தே பார்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள். முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931இல் வந்தது. அதன் பிரதி இன்று இல்லை. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944ஆம் ஆண்டுப் படம். கர்நாடக இசையில் காது பழகியவர்களுக்கு அது விருந்து, மற்றவர்கள் இரண்டு ஆண்டுகள் கழித்து அதற்கு வரலாம்.

நான் முதலில் போட்டுக் காட்டியது ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’, 1964. வண்ணப் படம், முழு நகைச்சுவை, ஒரு காட்சிகூடச் சோராது. நம் ஊருக்கு அதில் இன்னொரு உறவும் உண்டு. கதாநாயகர்களில் ஒருவரான ரவிச்சந்திரன் கோலாலம்பூரில் பிறந்தவர், அந்தப் படத்தில்தான் அறிமுகமானார். எஸ்டேட் முதலாளியாக டி. எஸ். பாலையா வருவார். அவருடைய மகனாக வரும் நாகேஷ், தான் எடுக்கப்போகும் பேய்ப் படத்தின் கதையை அவருக்குச் சொல்லும் காட்சியில் பெரும்பாலும் பேசுவது நாகேஷ்தான். ஆனால் நீங்கள் பாலையாவின் முகத்தைப் பாருங்கள். பயம் ஒவ்வொரு படியாக ஏறுவதை அந்த முகத்தில் காணலாம். என் அண்ணன் மகள் அந்த இடத்தை மூன்று முறை பின்னால் ஓட்டிப் பார்த்தாள்.

இரண்டாவது படம் ‘அந்த நாள்’, 1954. வீணை வித்வான் எஸ். பாலசந்தர் இயக்கியது. ஒரு பாட்டு கிடையாது, நடனம் கிடையாது. படம் தொடங்கியவுடன் ஒரு கொலை. பிறகு ஒவ்வொருவராகத் தாங்கள் கண்டதைச் சொல்கிறார்கள், ஒவ்வொருவர் சொல்வதிலும் செத்தவன் வேறு மனிதனாகத் தெரிகிறான். பழைய படம் என்றாலே பாட்டுத்தான் என்று நினைத்திருப்பவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும் படம் இது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் குண்டு போடுவார்களோ என்று சென்னை நடுங்கிக்கொண்டிருந்த காலத்தில் நடக்கும் கதை. 1941 டிசம்பரில் பினாங்கின் மேலேயே ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. ஜப்பான்காரன் காலத்துக் கதைகளை என் அம்மாவின் அம்மா சொல்லிச் சொல்லியே நாங்கள் வளர்ந்தோம். சென்னைக்காரர்களுக்கு அச்சமாக இருந்தது எங்கள் வீட்டில் நினைவாக இருக்கிறது. அதனாலேயே இந்தப் படம் எனக்கு நெருக்கமானது. முடிவை யாரிடமும் கேட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் படி: தொலைக்காட்சிப் பெட்டியைச் சரி செய்யுங்கள்

இதைச் செய்யாமல் பழைய படம் பார்ப்பது வீண். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் ‘ராஜராஜ சோழன்’, 1973இல் வந்தது. அதற்கு முந்தைய படங்களின் சட்டம் (ஃபிரேம்) ஏறக்குறைய நான்குக்கு மூன்று என்ற அளவில், சற்றே சதுரமாக இருக்கும். இன்றைய பெட்டி அகலமானது. அதனால் பெட்டி படத்தை இழுத்து நிரப்பப் பார்க்கும், அல்லது பெரிதாக்கி மேலும் கீழும் வெட்டிவிடும். இழுத்தால் எல்லோருக்கும் முகம் உப்பிப்போகும். வெட்டினால் இன்னும் மோசம்: பத்மினி ஆடுகிறார், பாதம் தெரியாது! நாட்டியத்தில் பாதத்தை மறைத்துவிட்டால் மிச்சம் என்ன?

ஆகவே பட அளவு அமைப்புக்குப் போய் ‘நான்குக்கு மூன்று’ என்றோ, ‘மூல அளவு’ என்றோ இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், விழட்டும். சில வேளைகளில் யூடியூபில் ஏற்றியவர்களே படத்தை வெட்டியிருப்பார்கள். பெயர் காட்டும் எழுத்துகள் ஓரத்தில் அறுந்திருந்தால் அந்தப் பிரதியை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுங்கள். படத்தின் நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஏனென்றால் பாடல்களை நீக்கிச் சுருக்கிய பிரதிகளும் உலவுகின்றன.

அசைவை மழமழப்பாக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். விநாடிக்கு 24 சட்டங்கள் என்று எடுத்த படம் அப்படியே ஓடட்டும். ஒலியில் பாஸை, அதாவது அடித்தொனியைக் குறையுங்கள். அந்தக் காலத்து ஒலிப்பதிவில் அது அதிகம் இல்லை, ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும்.

நான்காம் படி: பெரியவர் ஒருவரோடு உட்காருங்கள்

என் அம்மா செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். அந்தி சாயும் முன்பே பாயைக் கொண்டுபோய் இடம் பிடித்துவிட வேண்டும். முன்னால் இடம் கிடைக்காத பிள்ளைகள் திரைக்குப் பின்னால் போய் உட்காருவார்களாம். அங்கே எல்லாம் இடம் வலமாகத் தெரியும். கதாநாயகன் இடது கையால் கத்தி வீசுவான். "ஆனால் குரல் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தானே கேட்கும்," என்று அம்மா சொன்னார். நான் இந்தச் செய்முறையைக் காதிலிருந்து தொடங்கியதற்கு அந்த ஒரு வார்த்தையும் காரணம்.

வீட்டில் பெரியவர் இருந்தால் ‘இந்தப் படம் நல்ல படமா?’ என்று கேட்காதீர்கள். ‘எங்கே பார்த்தீர்கள், யாரோடு போனீர்கள், டிக்கெட்டுக்குக் காசு யார் கொடுத்தார்?’ என்று கேளுங்கள். கதை தானாக வரும். படத்தை நடுவில் நிறுத்திவிட்டு அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். படம் எங்கும் ஓடிவிடாது. தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் ஒன்று பழைய பிஸ்கட் டின்னில் இன்னும் இருக்கக்கூடும், அதையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

ஒரே மூச்சில் பார்க்க வேண்டிய கட்டாயமில்லை. இடைவேளையை மனத்தில் வைத்துக் கட்டிய படங்கள் இவை. இடைவேளை வந்ததும் நிறுத்துங்கள், ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வாருங்கள், அல்லது மறுநாள் தொடருங்கள். கைப்பேசியை மட்டும் வேறு அறையில் வையுங்கள்.

ஐந்தாம் படி: உறுத்தும் இடங்களை உறுத்தவிடுங்கள்

கணவன் அறைந்தால் மனைவி காலில் விழுவாள். உருவத்தைக் கேலி செய்து சிரிப்பார்கள். சாதியைப் பற்றிய சொற்கள் சில இடங்களில் சுருக்கென்று குத்தும். அண்ணன் மகள் ஒரு படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, "இதை எப்படிப் பாட்டி பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டாள். அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போது எங்கள் வரிசை வீட்டிலும் அப்படித்தான் நடந்தது," என்றார். அன்று இரவு மீதிப் படத்தை நாங்கள் பார்க்கவில்லை, பேசிக்கொண்டே இருந்தோம். அதுவும் படம் பார்ப்பதில் ஒரு பகுதிதான். கோபம் வந்தால் வரட்டும், மறைத்துக்கொண்டு ரசிக்க வேண்டியதில்லை.

ஆறாம் படி: நாயகனை விட்டுத் துணை நடிகரைப் பின்தொடருங்கள்

பழகிய பிறகு எதைப் பார்ப்பது என்ற குழப்பம் வரும். பட்டியல் தேடாதீர்கள். பிடித்த துணை நடிகர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரோடு போங்கள். நாங்கள் பாலையாவைப் பிடித்தோம். எம்.ஜி.ஆர். அறிமுகமான ‘சதி லீலாவதி’யில்தான், 1936இல், அவரும் அறிமுகமானார். ‘திருவிளையாடல்’ படத்தில், 1965இல், செருக்கு மிகுந்த ஹேமநாத பாகவதர். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில், 1968இல், தவில் வித்வான்.

இந்தக் கடைசிப் படத்தில் நிறைய நேரம் தங்குங்கள். ஏ. பி. நாகராஜன் இயக்கியது, கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய நாவல். திரையில் சிவாஜி ஊதும் நாதஸ்வரத்தை உண்மையில் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜியின் கன்னமும் கழுத்து நரம்பும் அந்த வாசிப்போடு எப்படிச் சேர்ந்து போகின்றன என்று பாருங்கள். ரயில் பெட்டிக் காட்சியில் சிவாஜியும் பத்மினியும் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். சுற்றி இரு குழுவின் ஆட்களும் உட்கார்ந்திருக்கிறார்கள், காதலர்களுக்கு ஒரு சொல் பேச வழியில்லை. இவ்வளவு காலம் காதைத் தீட்டிக்கொண்ட உங்களுக்கு அந்த மௌனம் எவ்வளவு பெரிய பேச்சு என்று அப்போது தெரியும்.

எழுபதுகளுக்கு வர விரும்பினால் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’, 1977. ஸ்டுடியோவை விட்டுக் கிராமத்துக்குப் போன கேமரா, இளையராஜாவின் இசை, நம் மண்ணில் பிறந்த மலேசியா வாசுதேவனின் குரல்.

ஏழாம் படி: பக்கத்து வீட்டுப் பழைய படத்தையும் பாருங்கள்

பினாங்கில் இருந்துகொண்டு, மலாய்ப் படங்களின் நடிகரும் இயக்குநருமான பி. ரம்லியைப் பார்க்காமல் இருப்பது பெரிய இழப்பு. 1929இல் இங்கே பிறந்தவர். அவர் பிறந்த மரவீடு அவர் பெயரைத் தாங்கிய சாலையிலேயே காட்சிக்கூடமாக இருக்கிறது. ஒரு காலை நேரம் போய்வாருங்கள். சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் ஸ்டுடியோவில் ஷா சகோதரர்கள் மலாய்ப் படம் எடுத்த காலத்தில், அவற்றை இயக்க இந்தியாவிலிருந்து பலரை வரவழைத்தார்கள். ரம்லி முதன்முதலில் கதாநாயகனாக நடித்த ‘பக்தி’ படத்தை, 1950இல், இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர். அந்தக் காலத்து மலாய்ப் படங்களில் பாட்டு வரும் இடமும் அழுகை வரும் இடமும் நமக்கு ஏன் இவ்வளவு பழக்கமாகத் தோன்றுகின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ரம்லியே முதன்முதலாக இயக்கிய, ரிக்‌ஷாக்காரர் ஒருவரின் கதையான ‘பெனாரெக் பெச்சா’, 1955, தொடங்க நல்ல இடம்.

கோலாலம்பூர்ப் பக்கம் போனால் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் உள்ள கொலிசியம் தியேட்டரை நின்று பாருங்கள். 1920களின் தொடக்கத்தில் எழுந்த கட்டடம், தமிழ் ரசிகர்கள் பல தலைமுறையாக வரிசையில் நின்ற வாசல்.

போன சனிக்கிழமை நான் வரவேற்பறையில் ஒரு பழைய படத்தைப் போட்டுவிட்டு அமர்ந்திருந்தேன். பெயர் காட்டும் பகுதியை நான் தாண்டிவிட்டிருந்தேன். அண்ணன் மகள் சமையலறையில் பாட்டியோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு யாரோ ஒருவர் பேசத் தொடங்கினார், அரை வாக்கியம்கூட முடியவில்லை.

"அத்தை," என்று உள்ளிருந்து குரல் வந்தது, "இது பாலையாதானே?"