முதல் முயற்சிக்கு மதிப்பெண் இல்லை

என் வகுப்பில் நன்றாகப் படிக்கும் மாணவர்கள்தான் புதியதைத் தொட அதிகம் தயங்கினார்கள். பழகிய கணக்கை அலுக்காமல் போடுவார்கள். அறியாத வகை ஒன்று வந்தால் பேனாவை மூடி வைத்துவிடுவார்கள். தவறினால் மதிப்பெண் குறையும் என்ற பயம்தான் காரணம். 'தைரியமாகச் செய்' என்ற சொல் அவர்களை அசைக்கவில்லை.

உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977இல் விளக்கியது எனக்கு வழி காட்டியது. 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கைக்கு வலுவான ஊற்று, தானே செய்து முடித்த அனுபவம். தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பதும் உதவும். வெறும் ஊக்கச் சொல்லுக்கு அவ்வளவு வலு இல்லை.

எனவே எந்தப் புதிய வேலைக்கும் முதல் முயற்சியில் மதிப்பெண் கிடையாது என்று அறிவித்தேன். திருத்திய பிறகே மதிப்பீடு. மேடைப் பேச்சையும் படிகளாக உடைத்தேன்: முதலில் பக்கத்தில் இருப்பவரிடம், பிறகு நால்வர் குழுவில், கடைசியாக முழு வகுப்பின் முன். எந்தப் படியில் எப்போது ஏறுவது என்பதை மாணவரே முடிவு செய்வார். இந்த உரிமைதான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று உறுதியாக நம்புகிறேன். பிடித்துத் தள்ளினால் பயம்தான் வளரும்.

கேள்வி கேட்டதும் பதிலுக்குக் குறைந்தது மூன்று விநாடி காத்திருக்கவும் பழகினேன். எப்போதும் முந்திக்கொள்ளும் சிலரோடு, யோசித்துப் பேசுபவர்களும் கை உயர்த்தத் தொடங்கினார்கள்.

இன்னும் பேசத் தயங்கும் மாணவி ஒருத்தி எழுதித் தருகிறாள். அவள் சம்மதத்தோடு நான் வாசிக்கிறேன். சென்ற வாரம் கடைசி வரியை அவளே வாசித்தாள்.