டிசிபி சோதனையில் விரிசல் தாவியது: நான் சரிசெய்த விதம்

கார்பன் ஃபைபர்–எபாக்சி லேமினேட்டின் அடுக்குகளைப் பிரிக்க எவ்வளவு ஆற்றல் தேவை என்று அளக்க, ஏஎஸ்டிஎம் டி5528 என்ற தர முறையில் டிசிபி சோதனை (ஒரு முனையில் பிளந்த பட்டையின் இரு கைகளையும் எதிரெதிராக இழுத்து விரிசலை வளர்ப்பது) செய்துகொண்டிருந்தேன். 5 மாதிரிகளிலும் ஒரே தொல்லை. விசை ஏறிக்கொண்டே போய், 'டக்' என்ற சத்தத்தோடு விரிசல் பல மில்லிமீட்டர் தாவிவிடும். தொடக்க மதிப்பும், அதாவது விரிசல் நகரத் தொடங்கத் தேவைப்பட்ட ஆற்றலும், நம்ப முடியாத அளவுக்கு அதிகம்.

இயந்திரத்தைச் சந்தேகித்து இரண்டு நாள் வீணாயிற்று. ஒரு மாதிரியின் விளிம்பைப் பாலிஷ் செய்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததும் காரணம் தெரிந்தது. முன்விரிசலுக்காக (சோதனைக்கு முன்பே விட்டுவைக்கும் பிளவு) நடு அடுக்கில் வைத்த டெஃப்லான் படலம் 50 மைக்ரான் தடிமன். அதன் நுனியில் எபாக்சி ரெசின் தேங்கி நின்றது. விரிசல் கூர்மையாக இல்லாததால் தொடங்கவே கூடுதல் ஆற்றல் கேட்கிறது. தொடங்கியதும், தேங்கிய ஆற்றல் ஒரேயடியாக வெளிப்படுகிறது.

அந்தத் தர முறையே படலத்தின் தடிமன் 13 மைக்ரானுக்கு மேல் கூடாது என்கிறது. மெல்லிய படலத்தைப் புது பிளேடால் சுருக்கமின்றி வெட்டி வைத்தேன். முதலில் விரிசலை 4 மில்லிமீட்டர் வளரவிட்டு, விசையை இறக்கி, மறுபடி ஏற்றினேன். விளிம்பில் வெள்ளைக் கரெக்‌ஷன் திரவம் பூசியிருந்ததால் நுனி பளிச்சென்று தெரிந்தது.

இப்போது விரிசல் நிதானமாக நகர்கிறது. போகப்போக மதிப்பு உயர்வது இழைகள் இரு பக்கமும் பாலம்போல் பிடித்துக்கொள்வதால்தான். ஆகவே வடிவமைப்புக்குத் தொடக்க மதிப்பையே எடுக்கிறேன்.