வேலை தேடலைத் தள்ளிப்போடுகிறீர்களா? ஆள் எடுப்பவள் சொல்வதைக் கேளுங்கள்

கோயம்புத்தூரில் பம்ப், மோட்டார் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. "நாளைக்கே ரெஸ்யூம் அனுப்பறேன் மேடம்" என்று சொல்லிவிட்டு மாதக்கணக்கில் காணாமல் போகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்களைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வராது. ராத்திரி பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு மோட்டாரைக் கழற்றிச் சரிசெய்து தருகிற ஆட்கள் அவர்கள். வேலை தேடுவதில் கூச்சமோ பயமோ தருகிற ஏதோ ஓர் இடம் இருக்கும். அங்கே போக வேண்டாம் என்றுதான் மொத்தத்தையும் தள்ளிப்போடுகிறார்கள்.

அதனால் முதலில் அந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். 'எதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது?' என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். என்னிடம் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் அது பழைய கம்பெனியில் பேப்பர் கேட்பதாக இருக்கும். இல்லாவிட்டால் நடுவில் வேலை இல்லாமல் விழுந்த கேப்.

பேப்பர் விஷயம் நினைப்பதைவிடச் சின்னது. வேலையிலிருந்து விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டர் கேட்டு மெயில் அனுப்பும்போது பெயர், எம்ப்ளாயி நம்பர், கடைசி வேலை நாள் போதும். ஏன் விலகினீர்கள், யாரோடு சண்டை என்பதெல்லாம் அதில் வேண்டாம். லெட்டர் வரத் தாமதமானால் பே ஸ்லிப், சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட், பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரி மூன்றையும் எடுத்து வையுங்கள். பல இடங்களில் அதை வைத்தே பேச்சைத் தொடங்கிவிடலாம். பிஎஃப்-இல் வெளியேறிய தேதி ஏறாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பெனி போடாமல் விட்டிருந்தால், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து, யுஏஎன் என்ற உங்கள் பிஎஃப் எண்ணை வைத்து பிஎஃப் போர்ட்டலில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். இது தெரியாமலே பழைய ஆபீஸுக்குப் போன் போடப் பயந்துகொண்டிருப்பார்கள்.

கேப்புக்கு இரண்டு வரி தயார் செய்யுங்கள். "அப்பாவுக்கு உடம்பு முடியாமல் 2023 முழுக்க வீட்டில் இருந்தேன். இப்போது ஷிப்டுக்கும் வரத் தயார்." அவ்வளவுதான். கண்ணாடி முன்னால் வேண்டாம், வீட்டில் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கேட்கிற எங்களுக்கும் அதற்கு மேல் வேண்டியதில்லை. நீங்கள் இழுத்துக்கொண்டே போனால்தான் எங்களுக்குச் சந்தேகம் வரும்.

ரெஸ்யூமின் டிசைனை மாற்றிக்கொண்டே இருப்பதும் தள்ளிப்போடுவதில்தான் சேர்த்தி. தலைப்பு வரியில் 'கடின உழைப்பாளி' என்று போடாமல் 'சிஎன்சி செட்டர், ஃபானுக் கண்ட்ரோல், 6 வருடம்' என்று போடுங்கள். நாங்கள் அந்தச் சொற்களைப் போட்டுத்தான் தேடுவோம். நௌக்ரி என்ற வேலை தேடும் வெப்சைட்டில் சமீபத்தில் லாகின் செய்தவர்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி எங்களுக்கு உண்டு. பெரிதாக ஒன்றும் செய்ய முடியாத நாளில்கூட லாகின் செய்து ஒரு வரியைத் திருத்திவிட்டு வாருங்கள்.

'இந்த வாரம் தேடணும்' என்ற முடிவு நிற்காது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் எழுதிய கட்டுரையில், 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது எப்படி உதவுகிறது என்று விளக்கியிருக்கிறார். நான் சொல்லிக்கொடுப்பது: குழந்தையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைவதற்கு முன், வாசலில் நின்றே ஒரு போன். உள்ளே போய் டிவியைப் போட்டால் முடிந்தது கதை. திங்கள் காலை மட்டும் வேண்டாம், அட்டெண்டன்ஸ் பஞ்சாயத்தில் நாங்களே எரிச்சலில் இருப்போம்.

யாருக்குப் போன் போடுவது? நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். எப்போதாவது பேசுகிற அறிமுகக்காரர்கள் வழியாகத்தான் புதுத் தகவல் வரும் என்று மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இலேயே எழுதினார். பழைய ஷிப்ட் சூப்பர்வைசர், டூல்ஸ் சப்ளை செய்தவர், கூட ஐடிஐ படித்தவர் மாதிரி ஆட்களைப் பிடியுங்கள். "அண்ணா, நல்லா இருக்கீங்களா? மெயின்டெனன்ஸ்ல வேலை தேடிட்டு இருக்கேன். உங்க பக்கம் ஆள் எடுத்தா ஒரு வார்த்தை சொல்லுங்க." வேலை கொடுங்கள் என்று கேட்கவில்லை, தகவல்தான் கேட்கிறீர்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

தனியாக ஆரம்பிக்கவே முடியவில்லை என்றால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்துகிற தனியார் துறை முகாமுக்குப் போங்கள். தேதியை அவர்களே குறித்திருப்பார்கள், தள்ளிப்போட வழியில்லை. நுழைவுக்குக் காசு கிடையாது. வேலைக்கு முன்பணம் கேட்கிறவன் எவனாக இருந்தாலும் அந்த நம்பரை பிளாக் செய்யுங்கள்.

இன்டர்வியூ முடிந்து பதில் வரவில்லையா? ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு மெசேஜ் போடுங்கள். மேனேஜர் லீவில் இருக்கலாம், பட்ஜெட் நின்றிருக்கலாம், உள்ளேயே ஆளை மாற்றியிருக்கலாம். இதை நாங்கள் வெளியே சொல்ல மாட்டோம். அந்தப் பதிலுக்காக அடுத்த விண்ணப்பத்தை நிறுத்தி வைக்காதீர்கள், மெசேஜ் போட்ட அன்றைக்கே இன்னொரு இடத்துக்கும் அனுப்பிவிடுங்கள்.