பக்கவாதத்துக்குப் பின் நடை: தூரத்தை அளக்காதீர்கள், மூச்சைக் கவனியுங்கள்

பக்கவாதம் வந்து தேறிவருபவர் எவ்வளவு தூரம் நடந்தார் என்பதை மட்டும் கணக்கு வைப்பதுதான் பல வீடுகளில் செய்யும் தவறு. கம்பத்தின் சமதள ரோட்டில் 10 நிமிடம் நடப்பதும், வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட் தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்து மேட்டில் 10 நிமிடம் ஏறுவதும் ஒன்றல்ல. மேட்டில் நாடித்துடிப்பு சட்டென ஏறிவிடும்.

டாக்டர் அனுமதித்த பிறகு, நாடியை வைத்து அளவு பாருங்கள். 220-இல் வயதைக் கழித்து, அதில் ஓய்வுநேர நாடியையும் கழியுங்கள். மீதியில் 40 முதல் 70 சதவீதத்தை ஓய்வுநேர நாடியோடு கூட்டினால் இலக்கு கிடைக்கும். வயது 60, ஓய்வில் நாடி 70 என்றால் நிமிடத்துக்கு 106 முதல் 133 வரை. தொடக்கத்தில் கீழ் எல்லையே போதும். நின்றவுடன் 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற, இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடி அவ்வளவாக ஏறாது. எண் எட்டவில்லை என்று வேகத்தைக் கூட்டினால் உடம்பு தாங்காது. நாடி ஒழுங்கில்லாமல் துடிப்பவருக்கும் இந்தக் கணக்கு உதவாது. இவர்களுக்கு மூச்சுதான் அளவுகோல்: நடந்தபடி முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இரண்டு வார்த்தைக்கே மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

பயந்துபோய் வாசலுக்கும் திண்ணைக்கும் மெல்ல நடத்திக்கொண்டே இருப்பதும் தவறுதான். அதில் மூச்சே மாறுவதில்லை, தெம்பு கூடாது. 2 நிமிடம் சற்று வேகமாக, 2 நிமிடம் மெதுவாக என மாற்றி மாற்றி, மொத்தம் 10 நிமிடத்தில் தொடங்கி, வாரங்கள் போகப் போக 20, 30 நிமிடத்துக்குக் கொண்டுபோகலாம். வாரத்தில் 3 முதல் 5 நாள்.

களைப்பு ஏறினால் பாதம் தரையில் உரசத் தொடங்கும். அப்போது நிறுத்துங்கள், இன்னும் கொஞ்சம் என்று நடத்தினால் விழுவார். துணைக்கு வருபவர் பலவீனமான பக்கம், அரை அடி பின்னால் நின்று இடுப்பைப் பிடிக்க வேண்டும். பலவீனமான கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு விலகக்கூடும். கைத்தடி நல்ல கையில். படி ஏற நல்ல கால் முதலில், இறங்கப் பலவீனமான கால் முதலில். சாரல் விழுந்த சரிவில் வேண்டவே வேண்டாம், வராந்தாவே போதும்.

நெஞ்சுவலி, தலைச்சுற்றல் என்றால் உடனே உட்கார வையுங்கள். நெஞ்சுவலி நிற்காவிட்டாலோ, புதிதாக வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐ அழையுங்கள். வாய் கோணலோ பேச்சுக் குழறலோ தொடங்கிய நேரத்தையும் சொல்லுங்கள்: ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.