ஃபார்முக்கு ஃபார்ம் தரவு அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பில் ஃபார்மில் (ஃபார்ம் என்பது மென்பொருளின் ஒரு திரைச் சாளரம்) ஒரு பட்டனை அழுத்தினால் வாடிக்கையாளரைத் தேடும் ஃபார்ம் திறக்க வேண்டும். அங்கே ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் அவருடைய விவரம் பில்லில் வந்து உட்கார வேண்டும். வணிக மென்பொருள் எழுதத் தொடங்கும் எவருக்கும் வெகு சீக்கிரமே வந்து சேரும் வேலை இது. பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்களில் பிழைகள் பதுங்கிக் கிடக்கும் இடமும் இதுதான். கீழே உள்ளவை, மைக்ரோசாஃப்டின் டாட் நெட்டில் திரைகளை அமைக்கும் கருவியான விண்டோஸ் ஃபார்ம்ஸை வைத்துச் சொல்லப்பட்டவை என்றாலும் பெரும்பாலானவை மற்றக் கருவிகளுக்கும் பொருந்தும்.

புதியவர்கள் விழும் முதல் குழி, தேடல் ஃபார்முக்குள் நின்றுகொண்டு 'நியூ' என்ற கட்டளை போட்டுப் புதிதாக ஒரு பில் ஃபார்மை உருவாக்கி, அதன் டெக்ஸ்ட்பாக்ஸில் (எழுத்துப் பெட்டியில்) பெயரை எழுதுவது. பிழைச் செய்தி எதுவும் வராது. பெயர் எழுதப்பட்டுவிட்டது, ஆனால் அது இப்போதுதான் பிறந்த, திரையில் தெரியாத வேறொரு பில் ஃபார்மில் இருக்கிறது. பயனர் பார்த்துக்கொண்டிருக்கும் ஃபார்ம் காலியாகவே நிற்கும். இதைச் 'சரிசெய்ய' அந்தப் புதிய ஃபார்மையும் திரையில் காட்டிவிடுபவர்கள் உண்டு. அப்போது பாதி நிரப்பிய பழைய பில் அடியில் மறைந்து கிடக்கும்.

விஷுவல் பேசிக் பழகியவர்களுக்கு இந்தக் குழி இன்னும் ஆழம். விஷுவல் பேசிக் 6இல் ஃபார்மின் பெயரையே ஆப்ஜெக்டாக, அதாவது நினைவகத்தில் உருவாகி நிற்கும் ஃபார்மாகவே, பயன்படுத்தலாம். டாட் நெட்டின் தொடக்கப் பதிப்புகளில் அந்த வசதி இல்லை. 2005 பதிப்பில் திரும்ப வந்தது. ஒரே ஒரு பில் திறந்திருக்கும் வரை அது சுகமாக வேலை செய்யும். இரண்டாவது பில்லை 'நியூ' போட்டுத் திறந்த உடனே, பெயர் சொல்லி எழுதுவதெல்லாம் பயனர் பார்க்கும் ஃபார்முக்குப் போகாமல் அந்தப் பெயருக்கென்று தானாக உருவான ஃபார்முக்குப் போய்விடும்.

வரிகளின் வரிசையும் காலை வாரும். 'ஷோடயலாக்' என்று திறந்தால், அந்த ஃபார்ம் மூடப்படும் வரை அடுத்த வரி ஓடாது. ஆகவே அனுப்ப வேண்டிய மதிப்பை அதற்கு அடுத்த வரியில் கொடுத்தால் அது காலம் கடந்த கொடை. வெறும் 'ஷோ' என்றால் கதை தலைகீழ்: அடுத்த வரி உடனே ஓடிவிடும், பயனர் எதையும் தேர்ந்தெடுத்திருக்கமாட்டார், வெற்று மதிப்புதான் கைக்கு வரும். அவசியமான மதிப்பைக் கன்ஸ்ட்ரக்டரிலேயே (ஃபார்ம் உருவாகும்போது ஓடும் பகுதியிலேயே) கேட்டு வாங்குவதுதான் நல்லது. கொடுக்க மறந்தால், எழுதிய நிரலை ஓடும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரே தடுத்துவிடும்.

திரும்பி வரும்போது, ஃபார்ம் எப்படி மூடப்பட்டது என்று சொல்லும் 'டயலாக்ரிசல்ட்' என்ன என்று பார்க்காமல் மதிப்பை எடுத்துக்கொள்வது இன்னொரு வழக்கமான அலட்சியம். பயனர் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடினால் வருவது 'கேன்சல்'. அதைச் சோதிக்காத பில் ஃபார்ம், சரியாக இருந்த வாடிக்கையாளரை அழித்துவிட்டு வெற்றிடத்தை வைத்துக்கொள்ளும். 'ஷோடயலாக்' முறையில் திறந்த ஃபார்ம், மூடிய பிறகும் மறைந்துதான் இருக்கிறது, அழிவதில்லை. அதனால்தான் அதிலிருந்து மதிப்பைப் படிக்க முடிகிறது. படித்து முடித்தபின் 'டிஸ்போஸ்' செய்து விடுவிப்பது அழைத்தவரின் பொறுப்பு.

இனி பொது மாறிகள். 'தேர்ந்தெடுத்த வாடிக்கையாளர் எண்' என்று ஒரு பொது மாறியை வைத்துவிட்டால் எந்த ஃபார்மும் எழுதலாம், எந்த ஃபார்மும் படிக்கலாம். வேலை சட்டென்று முடிந்துவிடும். தெருமுனையில் பொதுவாகத் தொங்கும் கரும்பலகை மாதிரி: கடைசியாக எழுதியவர் யார், அது யாருக்காக என்று பலகைக்குத் தெரியாது. பயனர் ஒரு பில்லைப் பாதியில் விட்டு, இன்னொருவருக்காக ரசீது ஃபார்மைத் திறந்து ஒரு பெயரைத் தேடுகிறார். பிறகு பழைய பில்லுக்கு வந்து சேமிக்கிறார். பில் ஒருவருக்கு, கணக்கில் ஏறுவது இன்னொருவருக்கு. சோதனையின்போது ஒரு நேரத்தில் ஒரு ஃபார்மைத்தான் திறந்து பார்ப்பார்கள் என்பதால் இது அங்கே அகப்படாது. மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும்போதுதான் தெரியும். உள்நுழைந்த பயனர், நடப்பு நிதியாண்டு போன்ற, மென்பொருள் முழுவதற்கும் ஒன்றே ஒன்றாக இருப்பவற்றுக்குப் பொது மாறி இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு தேர்வின் விடைக்கு அது கூடாது.

என் கருத்தில் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: அழைக்கப்பட்ட ஃபார்முக்குத் தன்னை அழைத்தது யார் என்று தெரிந்திருப்பது. தேடல் ஃபார்ம் பில் ஃபார்மின் டெக்ஸ்ட்பாக்ஸுக்குள் கைவிட்டு எழுதுகிறது என்றால், அதே தேடலை ரசீதிலோ சரக்குத் திருப்பத்திலோ பயன்படுத்த முடியாது. உடனே 'யார் அழைத்தார்' என்று பார்க்கும் நிபந்தனைகள் முளைக்கும். ஒவ்வொரு புது ஃபார்முக்கும் ஒரு கிளை. தேடல் ஃபார்ம் தன்னிடம் ஒரு ப்ராப்பர்ட்டியில் (வெளியிலிருந்து படிக்கக்கூடிய ஒரு மதிப்பில்) விடையை வைத்துக்கொண்டால் போதும். கேட்டவர் எடுத்துக்கொள்வார்.

இன்னொரு ஃபார்மின் டெக்ஸ்ட்பாக்ஸை நேரடியாகத் தொடுவதில் வேறொரு வம்பும் உண்டு. அங்கே இருப்பது மதிப்பல்ல, மதிப்பின் தோற்றம். '1.250' என்ற எழுத்து, ஆங்கில அமைப்புள்ள கணினியில் ஒன்றேகால். ஜெர்மன் அமைப்பில் ஆயிரத்து இருநூற்றைம்பது. '03/04/2025' என்பது ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா? எழுதியவர் கணினியில் சரியாக ஓடுவது அடுத்தவர் கணினியில் ஏன் தவறுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. தேதியைத் தேதியாகவும் தொகையை 'டெசிமல்' வகையிலும் அனுப்புங்கள். 'டபுள்' வேண்டாம், அதில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் துல்லியமாக 0.3 வராது.

அனுபவசாலிகளையும் ஏமாற்றுவது, ஆப்ஜெக்டைப் பகிர்வதில் உள்ள சிக்கல். பட்டியலில் இருக்கும் வாடிக்கையாளர் ஆப்ஜெக்டைத் திருத்தும் ஃபார்முக்கு அனுப்புகிறீர்கள். போவது நகல் அல்ல, அதே ஆப்ஜெக்டின் முகவரி. பயனர் கடன் வரம்பை மாற்றிவிட்டு, மனம் மாறி, 'கேன்சல்' அழுத்துகிறார். தரவுத்தளத்தில் எதுவும் மாறவில்லை. ஆனால் நினைவகத்தில் இருக்கும் ஆப்ஜெக்ட் மாறிவிட்டது. பில் ஃபார்ம் அந்தப் புது வரம்பை நம்பிக் கடனுக்குச் சரக்கை அனுமதிக்கும். டெக்ஸ்ட்பாக்ஸை ஆப்ஜெக்டோடு பிணைத்திருந்தால் இது இன்னும் எளிதாக நடக்கும், ஏனெனில் மாற்றும் வரியை நீங்கள் எழுதவே இல்லை. திருத்துவதற்கு ஒரு நகலைக் கொடுத்து, 'ஓகே' வந்தால் மட்டும் அசலை மாற்றுவதுதான் வழி. நகல் எடுக்கும்போது உள்ளே இருக்கும் பட்டியல்களையும் சேர்த்து எடுக்க வேண்டும். மேலோட்டமான நகலில் பில்லின் தலைப்பு மட்டும் தனியாகி, அதன் வரிசைகள் பழையபடி பகிரப்பட்டே இருக்கும்.

முழு ஆப்ஜெக்டை அனுப்புவதா, எண்ணை மட்டும் அனுப்புவதா? திருத்தும் ஃபார்முக்கு எண் போதும். அது தரவுத்தளத்திலிருந்து புதிதாகப் படித்துக்கொள்ளட்டும். பட்டியல் காலையில் ஏற்றப்பட்டதாக இருக்கலாம், இடையில் வேறொருவர் மாற்றியிருக்கலாம். சேமிக்கும்போதும், படித்த பின் அந்தப் பதிவு மாறியிருக்கிறதா என்று சோதிக்க, எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில் 'ரோவெர்ஷன்' (பதிவு மாறும்போதெல்லாம் தானே மாறும் எண்) போன்ற வசதிகள் உள்ளன. பெயரை அனுப்பி அதைக் கொண்டு தேடுவதை மட்டும் செய்யவே வேண்டாம். ஒரே பெயரில் இருவர் என்றைக்காவது வந்தே தீருவார்கள்.

மூடாமல் திறந்தே இருக்கும் ஃபார்ம்களுக்கு ஈவென்ட் (ஏதோ நடந்தது என்று பதிவு செய்தவர்களுக்கெல்லாம் தெரிவிக்கும் வசதி) நல்ல தீர்வு, ஒரு எச்சரிக்கையோடு. முதன்மை ஃபார்மின் ஈவென்டில் சிறு ஃபார்ம் தன்னைப் பதிவு செய்துகொண்டால், மூடும்போது அதை விலக்கிக்கொள்ளவும் வேண்டும். இல்லையென்றால் மூடிய ஃபார்ம் நினைவகத்தில் கிடக்கும், ஒவ்வொரு முறை ஈவென்ட் எழும்போதும் அதன் வரிகள் ஓடும்.

வலைப் பக்கங்களில் இதே வேலையைச் செய்பவர்கள் விலையை மறைபுலத்தில் (ஹிட்டன் ஃபீல்டில்) வைத்து அடுத்த பக்கத்துக்கு அனுப்புவதைப் பார்க்கலாம். மறைபுலம் திரையில்தான் மறைந்திருக்கிறது. பிரவுசரில் யாரும் அதைத் திறந்து மாற்றலாம். பொருளின் எண்ணை மட்டும் வாங்கி, விலையைச் சர்வரே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பயனருக்காகச் சர்வர் நினைவில் வைத்திருக்கும் செஷனில் 'நடப்பு பில்' என்று வைப்பதும் அந்தப் பொது மாறிதான், வேறு உடுப்பில். ஒரே பிரவுசரில் இரண்டு தாவல்கள் திறந்தால் இரண்டும் ஒரே செஷனைப் பகிரும். பில் எண்ணை ஒவ்வொரு கோரிக்கையோடும் அனுப்பி, அதைத் திறக்க அந்தப் பயனருக்கு உரிமை உண்டா என்று சர்வரில் ஒவ்வொரு முறையும் சோதியுங்கள்.