பிரிண்டரைத் திட்டுவதற்கு முன்

கிம்ப் போன்ற இலவச மென்பொருளில் படத்தைத் திருத்தி அச்செடுத்தால், திரையில் பளிச்சென்று இருந்த முகம் தாளில் இருண்டு கிடக்கும். உடனே பலரும் படத்தை இன்னும் கொஞ்சம் வெளிச்சமாக்கி மறுபடி அச்சிடுவார்கள். முதல் தவறே இதுதான். குறை படத்திலா, மென்பொருளிலா, பிரிண்டரிலா என்று பார்க்காமல் கைவைத்தால் தாளும் மையும்தான் தீரும்.

முதலில் பிரிண்டரின் டெஸ்ட் பேஜை எடுத்துப் பாருங்கள். அதிலேயே கோடு கோடாக விழுந்தால் படத்தைத் தொடவே வேண்டாம், ஹெட் கிளீனிங் (மை தெளிக்கும் முனையைச் சுத்தம் செய்வது) செய்தால் போதும். அது நன்றாக வந்தால், படத்தை பிடிஎஃப் ஆக எக்ஸ்போர்ட் செய்து வேறொரு மென்பொருளிலிருந்து அச்சிடுங்கள். இப்போது சரியாக வந்தால் கிம்பின் பிரிண்ட் அமைப்புகளைத் தேடலாம். இதுவும் இருட்டாக வந்தால் பெரும்பாலும் ஏமாற்றுவது உங்கள் திரைதான். வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்த திரையில் எந்தப் படமும் அழகாகத்தான் தெரியும். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளை அந்தத் தாளைப் போலத் தெரியும் வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். அப்புறம் படத்தைப் பாருங்கள்.

அளவில் நடக்கும் குழப்பம் இதைவிடப் பெரிது. 3000 × 2000 பிக்சல் படம் ஒன்று இருக்கிறது. ரெசல்யூஷன், அதாவது ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல் என்ற எண், 72 என்று பதிவாகியிருந்தால் அதன் அச்சு அளவு 41 அங்குல அகலத்துக்கும் மேல். 300 என்று மாற்றினால் 10 அங்குலம். படத்தில் ஒரு பிக்சல்கூட மாறவில்லை, தாளில் எவ்வளவு நெருக்கமாக வைப்பது என்ற கணக்குதான் மாறியது. இதற்கான இடம் இமேஜ் மெனுவில் உள்ள 'பிரிண்ட் சைஸ்'. ஆனால் பலர் 'ஸ்கேல் இமேஜ்' போய், அகலத்தையே சுருக்கிவிடுகிறார்கள். அங்கே போன பிக்சல் போனதுதான். பிறகு பெரிதாக்கினால் மென்பொருள் ஊகித்து நிரப்பும், படம் மங்கும்.

4 × 6 அங்குல அச்சுக்கு 300 ரெசல்யூஷனில் 1800 × 1200 பிக்சல் வேண்டும். மெசேஜில் சுருங்கி வந்த 1280 × 960 படத்தை ஏ4 தாள் முழுக்க நிரப்பினால் அங்குலத்துக்கு 110 பிக்சல்கூடத் தேறாது. ஓரங்களைக் கூர்மையாக்கும் ஷார்ப்பன் போட்டுப் பயனில்லை, அசல் படத்தைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, போன் படம் வழக்கமாக 4:3, 4 × 6 தாளோ 3:2. ஓரத்தில் தலை வெட்டுப்படுவது பிரிண்டரின் குற்றம் அல்ல. கிராப் கருவியில் விகிதத்தை 3:2 என்று பூட்டி, எதை வெட்டுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

சரி, படமே நிஜமாக இருட்டு என்றால்? பிரைட்னஸ் ஸ்லைடரை இழுப்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த வழி, மோசமான வழியும்கூட. அது கறுப்பையும் சேர்த்துத் தூக்குவதால் தலைமுடி சாம்பலாகி, படம் முழுக்கப் பனி படிந்த மாதிரி ஆகிவிடும். கலர்ஸ் மெனுவில் 'லெவல்ஸ்' திறங்கள். அங்குள்ள வரைபடத்தில் மேடு தொடங்கும் இடத்துக்குக் கறுப்பு முக்கோணத்தையும், முடியும் இடத்துக்கு வெள்ளை முக்கோணத்தையும் நகர்த்துங்கள். பிறகு நடுவில் இருப்பதை மெல்ல இடப்பக்கம் தள்ளினால் முகம் தெளியும், கறுப்பு கறுப்பாகவே நிற்கும். மஞ்சள் படிந்த படத்துக்கும் இதே ஜன்னலில் சாம்பல் நிறத்தைத் தொட்டுக் காட்டும் கருவி இருக்கிறது. அதை வெளுத்துப்போன வெள்ளைச் சட்டைமேல் வைக்காதீர்கள். உண்மையிலேயே சாம்பலாக உள்ள சுவர், சாலை போன்ற ஒன்றின்மேல் வையுங்கள்.

திருத்திய படத்தை ஜேபெக்காக மட்டும் வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பத் திருத்துவதையும் விடுங்கள், ஒவ்வொரு எக்ஸ்போர்ட்டிலும் தரம் கொஞ்சம் கரையும். வேலை நடக்கும் கோப்பு கிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் ஆகவே இருக்கட்டும், ஜேபெக் கடைசியில் ஒரு முறை போதும்.

சிலருக்கு எதைச் செய்தாலும் படம் அசையவே அசையாது. மென்பொருள் கெட்டுவிட்டது என்று நீக்கிவிட்டு மறுபடி நிறுவுபவர்களும் உண்டு. பெரும்பாலும் எங்கோ ஒரு மூலையில் சின்ன செலக்‌ஷன் ஒன்று (தேர்ந்தெடுத்த பகுதி) நீக்கப்படாமல் கிடக்கும், செய்வதெல்லாம் அதற்குள் மட்டும்தான் நடக்கும். ஷிஃப்ட், கன்ட்ரோல், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், அந்தத் தேர்வு நீங்கிவிடும். அப்படியும் அசையாவிட்டால் லேயர் (படத்தின்மேல் படமாக அடுக்கிய அடுக்கு) பட்டியலில் எந்த லேயர் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள்.